மூடுபனியும் மூச்சுவிடும் கருவியும்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியைக் கண்ட நேயர்களுக்குக் காற்றோட்டத்தின் அருமை புதிதன்று. தொட்டியில் பரப்பிய கொழுந்துக்கு அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவர். ஓரிடத்தில் கொழுந்து குவிந்து கிடந்தால் காற்று அவ்விடத்தை விலக்கி வேறு வழியே போய்விடும். அங்குள்ள இலை வாடாமல் பழுதுபடும். வெளியிலே பொருத்தப்படும் காற்றுத்தர உணர்கருவிக்கும் ஏறக்குறைய இதே நியாயந்தான்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எழுந்த நாட்களில், இந்தியப் பக்கமிருந்து வந்த காற்று இலங்கைக்கு மாசைச் சுமந்து வந்தது. அம்மாதம் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் இருத்துவதா என்பதைக் கருவி காட்டும் எண்கள் தீர்மானிக்கும் காலம் இது. அவ்வெண் பொய்த்தால்?

சிறு கருவிகளுட் பலவற்றில் ஒரு சின்னஞ்சிறு விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அக்காற்று லேசர் ஒளிக்கற்றையைக் கடக்கையில் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறலைக் கொண்டு 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான நுண்துகள்களின் அளவு கணிக்கப்படுகிறது. சிதறடித்தது புகையா, பனித்துளியா எனப் பகுத்தறியும் ஆற்றல் அதற்கில்லை. 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலும் ஹட்டன் மலைச்சரிவுகளிலும் மூடுபனி இறங்கும்போது, துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. தூய காற்றும் மாசுற்றதாகத் தோன்றும். ஈரப்பதத்தையும் உடன் பார்த்தாலன்றி அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

மழைக்கு அஞ்சிக் கருவியை இறுக மூடிவிடுவோர் உண்டு. அப்போது அடைபட்ட காற்றையே விசிறி திரும்பத் திரும்ப இழுக்கும். காற்று புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் கீழ்நோக்கித் திறந்திருக்க வேண்டும்; இரண்டிற்குமிடையே தடுப்பும் வேண்டும். ஸ்கொத்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தோமஸ் ஸ்டீவன்சன் (நாவலாசிரியர் ரொபட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை) 19ஆம் நூற்றாண்டிலேயே வெப்பமானிகளுக்காகச் சாய்பலகைச் சுவர்கொண்ட வெண்ணிறப் பெட்டியொன்றை அமைத்தார். வெயிலும் மழையும் புகா. காற்று மட்டும் உலாவும். வானிலை நிலையங்களில் இன்றும் அதனைக் காணலாம்.

வாயிலில் சிலந்தி கூடு கட்டும். கம்பிவலை பூச்சியைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் மிக நெருக்கமான வலையைத் தூசி அடைத்துவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைத்து, விசிறி சுழலும் ஒலியையும் செவிமடுத்தல் நன்று.

லயத்துப் புகைக்கூண்டின் அருகே வைத்த கருவி, தோட்டத்தின் காற்றை அளப்பதில்லை. ஒரு வீட்டு விறகடுப்பையே அளக்கிறது. அப்புகை அற்பமானதென்று எண்ணற்க. கொழுந்து பறித்துத் திரும்பி அடுப்படியில் நிற்கும் தாயின் நெஞ்சுக்குள் செல்வது அதுவே. அதனை அறியச் சமையற்கட்டிலேயே வேறொரு கருவி வைத்தல் வேண்டும். வெளிக்கருவி சுவரைவிட்டு விலகித் திறந்த வெளியில் நிற்கட்டும்.