மறைந்து வாழ்ந்த திருச்சபை

மத்திய காலத்து மேற்கு ஐரோப்பாவில் பாப்பரசரின் திருச்சபை வகுத்த நெறிக்கு மாறாகப் போதித்தவர்கள் பதிதர் எனப்பட்டனர். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து வணிகரான வால்டோ தம் செல்வத்தை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, வேதாகமப் பகுதிகளை மக்கள் பேசும் மொழியிற் பெயர்ப்பித்துப் போதித்தார். திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்த அவருடைய கூட்டத்தார் 1184இல் சபைக்குப் புறம்பாக்கப்பட்டனர். தென் பிரான்சிலே பரவியிருந்த கதாரர்களை ஒடுக்க 1209இல் சிலுவைப் போர் தொடுக்கப்பட்டது. 1244இல் மோன்செகூர்க் கோட்டை வீழ்ந்தபோது 200க்கு மேற்பட்டோர் தீக்கிரையாயினர். வால்டோவின் வழியினரோ அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து தம் நெறியைக் காத்தனர்.

பதிதர் என்ற பழி பின்னர் ஒல்லாந்து தேசத்தையும் அதன் அயலையும் பற்றியது. 1523இல், புதிய சீர்திருத்தக் கொள்கையைக் கைவிட மறுத்த துறவியர் இருவர் புருசெல்ஸ் நகரில் எரிக்கப்பட்டனர். ஸ்பானிய அரசரை எதிர்த்தெழுந்த ஒல்லாந்தர் 1579இல் யூட்ரெக்ட் நகரில் உடன்படிக்கை செய்தபோது, மதங் காரணமாக ஒருவரையும் துன்புறுத்தலாகாது என்று அதில் எழுதினர்.

அந்த ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கைப்பற்றிய பின் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என 1658இல் ஆணை பிறந்தது. பிறப்பும் மணமும் சீர்திருத்தச் சபையின் பள்ளிக்கூடத் தோம்பிலே பதியப்படல் வேண்டும். பதிவில்லாத மணத்திற் பிறந்தோருக்கு முதுசொம் பெறுவதில் இடையூறு நேர்ந்தது. கத்தோலிக்கர் போர்த்துக்கேயரின் பக்கம் சாய்வர் என்ற ஐயமே இவ்வாணைகளுக்கு முதற் காரணம். முன்னர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, சைவரை மறைவில் வழிபடச் செய்தவர்கள் போர்த்துக்கேயர். இப்போது அவர்தம் சமயத்தாரே மறைவிடம் தேடினர்.

குருவின்றித் தவித்த இம்மக்களை நாடி, கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர் 1687இல் வறியவர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவிலே வீடு வீடாகச் சென்று பூசை நிகழ்த்தினார். 1689ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவில் வழிபடக் கூடியிருந்தோர் சிறைப்பிடிக்கப்பட்டனர், முனிவர் தப்பினார். 1692இல் கண்டி சேர்ந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனக் கருதி அங்கும் காவலில் வைத்தனர். உண்மை தெளிந்தபின், பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்குப் போதிக்கும் உரிமை அளித்தார். 1697இல் வைசூரி பரவியபோது, உற்றாராலும் கைவிடப்பட்ட நோயாளரை முனிவர் பேணினார். கிறித்தவ அரசு மறுத்த புகலிடத்தைப் பௌத்த அரசு தந்தமை இந்நாட்டு வரலாற்றிற் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. முனிவர் 1711இல் கண்டியில் இறையடி சேர்ந்தார். 2015இல் காலிமுகத் திடலில் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார்.

கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கினார். இன்று கொட்டாஞ்சேனைப் பகுதியில், ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் கோயிலும் கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயமும் ஒன்றுக்கொன்று அண்மையிலே நிற்கின்றன. துன்பத்திற் கேட்ட உரிமையை ஆட்சி கைவந்தபின் பிறர்க்கு அளிப்பதே அறம். யூட்ரெக்டில் எழுதிய அவ்வறத்தை ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்திலர்.