கேட்கும் செவிக்குத் துணை

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில், மகிழ மரத்தடியில் பெரிய நம்பிகள் ஸ்ரீராமாநுஜருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்து மந்திரோபதேசம் அருளினார் என்பது குருபரம்பரைச் செய்தி. செவிவழி வந்த சம்பிரதாயம் நம்முடையது. அச்செவி முதுமையில் மங்கியதும், பெரியவர்கள் பலர் உபந்யாசத்தையும் பேரக்குழந்தையின் பேச்சையும் விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். செவித்திறன் பரிசோதனை செய்யாமல் கருவி வாங்கலாகாது.

காதுக் கருவி, அருகிருந்து பேசுவோரின் பேச்சுக்கு ஏற்றது. எட்டியுள்ள தொலைக்காட்சிக்கு அது மட்டும் போதாமற்போகலாம். மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தே பெருகும். தொலைக்காட்சியோடு இணையும் கம்பியில்லா ஹெட்போன் இருந்தால் உபந்யாசகரின் குரல் நேரே செவியை அடையும். வீட்டாருக்கும் தொல்லையில்லை! காதுக் கருவி அணிய விரும்பாதவருக்கு, மைக்கும் இயர்போனும் கொண்ட கையடக்க ஒலிபெருக்கி உண்டு. மைக் பேசுபவரின் வாயருகே இருக்கவேண்டும், அவ்வளவே. வாசல் மணிக்கு விளக்கு மின்னும் வகை நல்லது. விரல் நடுங்குவோர், வெளியே தெரியாது என்பதற்காக மிகச் சிறிய கருவியை நாடவேண்டாம். பாட்டரி மாற்றுவதே பெரும்பாடாகும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது நிறைந்தோருக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காதுக் கருவி இலவசம்.

புதுக் கருவியை முதலில் வீட்டின் அமைதியில் அணிந்து பழகுங்கள். பிறகு கோயிலுக்குச் செல்லலாம். தவில் முழங்கும்போது மட்டும் ஒலியைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள்.