எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் கோல்ஃப்

வயிற்றில் உள்ள சிறு காயங்கள் ஆறிவிட்டனவா? தோலுக்கு அடியிலுள்ள தசை வலுப்பெற மேலும் சில வாரங்கள் ஆகும். பந்தை ஓங்கி அடிக்கும்போது உடல் திரும்பி அந்தத் தசையே இழுபடும். அவசரப்பட்டால் குடலிறக்கம் ஏற்படலாம்.

முதலில் தினமும் நடங்கள். பொதுவாக 6 வாரங்களுக்குப் பிறகு, அறுவை மருத்துவர் சம்மதித்தால், மெதுவாக அடித்துப் பழகுங்கள். 18 குழிகளையும் ஆட அவசரம் வேண்டாம், 9 போதும். கோல்ஃப் பையை நீங்கள் தூக்காதீர்கள், நண்பர்கள் கேலி செய்தாலும் சரி.

நம் வெயிலில் தண்ணீர் மிக முக்கியம். சிறிதாகிவிட்ட இரைப்பையால் ஒரு போத்தல் தண்ணீரை ஒரேயடியாக ஏற்க முடியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு குழியிலும் சில மிடறு குடியுங்கள்.

அடிக்கும்போது வயிற்றில் வலியோ புடைப்போ தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.