கரீபியன் கடலில் முத்துசாமிகள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். கிரிக்கெட் ஆடாத தீவு ஒன்றும் அங்கே உண்டு. அதன் பெயர் குவாடலூப். பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். பேச்சு பிரெஞ்சும் கிரியோலும், செலாவணி யூரோ. இத்தீவிலுள்ள சேன்ஃபிரான்சுவா என்ற ஊருக்கு 1989 முதல் 2008 வரை மேயராக இருந்தவர் எர்னஸ்ட் முத்துசாமி. பெயரைப் பார்த்தீர்களா? நம் வாசக அன்பர்கள் இத்தீவை அறிந்துகொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கைகளைப் போன்றது இதன் வடிவம். நடுவே குறுகலான ஒரு கடற்கால்வாய். கிழக்கு இறக்கை கிராந்த்தேர்: சமவெளி, கரும்பு வயல், வெள்ளை மணல் கடற்கரை. மேற்கு இறக்கை பாஸ்தேர்: மலை, காடு, வாழைத்தோட்டம். அங்கே 1467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. 1976-ல் அது சீறியபோது எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். சாதாரண நாட்களில் இரண்டு மணி நேரத்தில் உச்சிக்கு ஏறிவிடலாம். காலையிலேயே கிளம்புவது நல்லது. பிறகு மேகம் மூடிக்கொள்ளும். முழங்கால் வலிக்காரர்கள் அடிவாரத்து வெந்நீர்க் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கார்பே அருவியும் பக்கம்தான். 110 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இரண்டாவது அருவியைப் பார்க்க அதிகம் நடக்கவும் வேண்டியதில்லை.

குழந்தைகளோடு குளிக்க சேன்தான் கடற்கரை. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் ஆழமில்லை, பயமில்லை. மலாந்தூரில் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே மீன்களைப் பார்க்கலாம்.

ஆனால் கடற்கரைதான் பார்க்கவேண்டுமென்றால் கோவா போதுமே! நம்மவர்கள் அவசியம் போகவேண்டிய இடம் பாஸ்தேரின் கிழக்குக் கரையிலுள்ள கபெஸ்தேர். 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூலியாட்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லித்தான் அழைத்துவந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் குறைவு.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை என்றபோது 1904-ல் எதிர்த்துக் கிளம்பியவர் கபெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம். பத்தொன்பது ஆண்டு வழக்காடி 1923-ல் வெற்றி கண்டார். வாக்குரிமை அதோடு வந்தது.

அவ்வூரை அடுத்த ஷான்ஜியில் சாலையோரமாக வண்ணச் சிலைகளோடு நிற்கிறது மாரியம்மன் கோயில். அவர்கள் வாயில் 'மாலியெமேன்'. மதுரை வீரனும் உண்டு, 'மல்தெவிலன்' என்று. பூசாரி 'பூசாரி'யேதான். தப்பு முழங்குகிறது, ஆடு, கோழி பலி உண்டு. நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கப்பலேறியவர்கள் கொண்டுபோனது ஆகமத்தை அல்ல, தங்கள் கிராமத்து அம்மனை.

பெரும்பாலோர்க்குத் தமிழ் பேச வராது. பாட்டன் காலத்திலேயே பேச்சு போய்விட்டது. பூசையில் பாடப்படும் தமிழ்ப் பாட்டு, பொருள் தெரியாமல் காதால் கேட்டு வாங்கி, ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக உருமாற்றி, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காப்பாற்றியது. தெருக்கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர். நாடகம்தான் அப்படி ஆயிற்று. அதைக் கற்றுக்கொடுப்பவர் 'வாத்தியாலு'. கோயிலுக்குப் போனால் கேமராவை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அவர்களுக்கு அது வழிபாடு, வேடிக்கை அல்ல.

பொயிந்தாபீத்ர் நகரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் அடிமைமுறை நினைவகம் ஒன்றைத் திறந்தார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகவும். நேரம் மிஞ்சினால் படகேறி லெசேந்த் தீவுகளுக்கும், மாட்டுவண்டியும் காற்றாலையும் உள்ள மரிகலாந்துக்கும் போய்வரலாம்.

பாரிசில் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து விமானம் எட்டரை மணி நேரம். விசா கேட்கும்போதே குவாடலூப்பின் பெயரைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை புயல் காலம்.

சாப்பாடு? அங்கே பேர்பெற்ற குழம்பின் பெயர் 'கொலம்போ'. குழம்பு என்ற சொல்லிலிருந்தே வந்தது என்பார் உண்டு, கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு அரைத்த பொடியைச் சந்தையில் குவித்து விற்கிறார்கள். கிரியோலில் பாகற்காய்க்கு 'பரோக்கா' என்று பெயர். ஆனால் கொலம்போ பெரும்பாலும் ஆட்டுக்கறியோ கோழியோதான். கடையில் பருப்பு வடைபோல் பொன்னிறமாக அடுக்கியிருக்கும் 'அக்ரா'வைக் கண்டு சைவர்கள் ஏமாந்துவிட வேண்டாம், உள்ளே கருவாடு! பலாச்சுளையின் உறவான ஈரப்பலாவும் வாழையும் தாராளமாகக் கிடைக்கும். காரம் நமக்குப் போதாது. ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது உத்தமம்.