பெருந்தமனியும் கால் இரத்தக் குழாய்களும்: மூத்தோர் அறிய வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்து போகிறீர்கள். ஏறக்குறைய 200 மீட்டர் போனதும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு புடவைக் கடை முன்னால் இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறீர்கள். வலி விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால், அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. தீபாவளிக்குப் பொருள் வாங்கக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனாலும் இதே கதைதான். "வயசாகிவிட்டது, கால் அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அளந்து வைத்தாற்போல் அதே தூரத்தில் வந்து, நின்றால் போய்விடும் வலி, காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபட்டு வருவதன் அடையாளமாக இருக்கலாம். மூட்டு வலி அப்படி இருப்பதில்லை. உட்கார்ந்து எழும்போதே அது தெரிந்துவிடும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார்ந்தாலோ முன்பக்கம் குனிந்தாலோதான் குறையும். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தமனிகள் எல்லாவற்றுக்கும் தாய்க்குழாய் பெருந்தமனி. மருத்துவமனையில் ‘அயோர்ட்டா’ என்பார்கள். இருதயத்திலிருந்து மேலே கிளம்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போகிறது. இதன் சுவர் கொழுப்புப் படிந்து அடைபடலாம். பழைய சைக்கிள் ட்யூப் ஒரு பக்கம் புடைப்பதுபோல் வீங்கலாம். அல்லது உட்சுவர் கிழியலாம். மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் அதே ஆள்கள்தான் நிற்கிறார்கள்: சிகரெட், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு. கால் தமனி அடைப்புக்கு நீரிழிவும் ஒரு பெரிய காரணம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனத்தவரைவிட நம்மிடையேதான் இது அதிகம்.

சோதனைகள் எளியவை

கால் அடைப்பை அறிய ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். படுக்க வைத்து, கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோலவே கணுக்காலிலும் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழ் இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி இறுகிப்போய் எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம். ஆகவே "டெஸ்ட் சரியாக இருக்கிறது" என்று சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால், கால் விரலில் அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அந்த இடத்தில் குழாயின் வழக்கமான அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரை எட்டினால் வீக்கம் என்பார்கள். உடனே அறுவை சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். சிறிய வீக்கத்தைக் குறித்த காலத்தில் ஸ்கேன் செய்து கண்காணிப்பதே சிகிச்சை. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவில்தான் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். இப்போது தொடையிடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி, உள்ளே செயற்கை உறை பொருத்தும் முறையும் உண்டு.

65 வயதைத் தாண்டிய, எப்போதாவது சிகரெட் பிடித்த ஆண்கள் இந்த ஸ்கேனைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த வீக்கம் இருந்திருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும் மறக்காமல் சொல்லுங்கள். முதலில் உங்கள் வட்டாரக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவைப்பட்டால் கடிதம் கொடுத்துக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நடையே மருந்து

கால் அடைப்பு உள்ளவர் நடக்காமல் உட்கார்ந்துவிடுவதுதான் இயல்பு. செய்ய வேண்டியதோ அதற்கு நேர்மாறு. வலி நன்றாகத் தெரியும்வரை நடங்கள், நின்று வலி போனதும் மறுபடி நடங்கள். இப்படி அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது. மூன்று மாதத்தில் நடக்கும் தூரம் கூடுவதைப் பலர் உணர்கிறார்கள். வெயிலும் மழையும் தொல்லை என்றால் பேரங்காடிக்குள் நடக்கலாம். யாரும் ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. மருத்துவர் முதலில் இருதயத்தைப் பார்த்து, நடக்கலாம் என்று சொல்லட்டும்.

சிகரெட்டை விடாமல் மற்ற எதுவும் முழுப் பலன் தராது. கிளினிக்கிலேயே அதற்கு உதவுவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது.

பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய காலுக்கு இரத்தமும் குறைந்தால், ஒரு சிறு கொப்புளம்கூட விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். சுடுநீரில் காலை ஊற வைக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போதும், நண்பகலில் கோயில் பிரகாரம் சுற்றும்போதும் தார்ச்சாலையும் கல்லும் சுடுவது உங்களுக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும். வேண்டுதல் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். வெயில் ஏறும் முன் போய்விட்டு, வீடு திரும்பியதும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ பிள்ளைகளிடம் காட்டியோ பாருங்கள்.

‘வாயு’ என்று காத்திருக்காதீர்கள்

திடீரென்று, ஒரு நொடியில், நெஞ்சிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ கிழிப்பதுபோல் வலித்தால், அது பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்ததாக இருக்கலாம். நம் வீடுகளில் முதலில் வருவது கோடாலித் தைலம், பிறகு ஓமத் தண்ணீர், பிறகு "கொஞ்சம் படுத்துப் பார்". இருதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்திருந்தால், சிகிச்சையின்றிப் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் போகும் ஆபத்து 1 முதல் 2 விழுக்காடு கூடுகிறது.

இந்தக் கிழிவுக்கு அறுவை சிகிச்சை முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி. 2005 டிசம்பர் 31 அன்று, தமது 97-ஆம் வயதில், அவருக்கே அது வந்தது. முதலில் மாரடைப்பு என்றே நினைத்தார். தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் சேர மறுத்தார். நிலைமை மோசமான பிறகு, 2006 பிப்ரவரியில் அவருடைய சக மருத்துவர்கள் அவர் வகுத்த முறையிலேயே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். 2008 வரை வாழ்ந்தார். அத்தனை நாள் தாமதித்துப் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அதை நாம் நம்பி இருக்க முடியாது.

ஏற்கெனவே வயிற்றில் வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குத் திடீர் வயிற்று வலி, முதுகு வலி, மயக்கம் வந்தாலும், ஒரு கால் சட்டென்று வெளுத்து, குளிர்ந்து, மரத்து வலித்தாலும் இதே அவசரம்தான். காலுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம்.

999-ஐ அழையுங்கள். நீங்களே கார் ஓட்டிப் போக வேண்டாம். உருவி விட வேண்டாம், சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். பதற்றத்தில் மலாய் வரவில்லை என்றால் இந்தச் சில சொற்கள் போதும்: நெஞ்சு வலிக்கு ‘சாக்கிட் டாடா’, முதுகு வலிக்கு ‘சாக்கிட் பெலாக்காங்’, திடீரென்று என்பதற்கு ‘திபா-திபா’, கிழிப்பதுபோல் என்பதற்கு ‘மாச்சாம் கோயாக்’. பெருந்தமனி வீக்கம் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் ‘அயோர்ட்டா’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தச் சொற்களையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதி, தொலைபேசி பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.