இரு மாளிகைகள்

செல்வத்தை விரும்பாதார் உலகில் மிகச் சிலர். அதனை எதன்பொருட்டு விரும்புகின்றோம் என்று எண்ணிப் பார்ப்போர் அவரினும் சிலர். இவ்வினாவை எழுப்பும் நாவல் ஒன்று 1925-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு இயற்றிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ என்பதே அந்நாவல்.

அதன் தலைவன் ஏழை உழவர் குடியில் தோன்றியவன். 17-ஆம் வயதில் தன் பெயரையே மாற்றிக்கொண்டான். படைவீரனாக இருந்தபோது, செல்வக் குடியிற் பிறந்த டெய்சி என்னும் நங்கையிடம் காதல் கொண்டான். அவளோ செல்வன் ஒருவனை மணந்தாள். தன் வறுமையே அவளைப் பிரித்தது என்று கருதிய கேட்ஸ்பி, சட்டத்திற்குப் புறம்பான வழிகளில் பெரும்பொருள் ஈட்டினான். அவள் வாழும் மனைக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில், மாளிகை ஒன்றை வாங்கினான். என்றேனும் அவள் வருவாள் என்னும் நம்பிக்கையால் கோடைக்கால இரவுகளில் பெருவிருந்துகள் நடத்தினான். அவள் வந்தாள், ஆயினும் சென்ற காலம் மீண்டு வரவில்லை. அவன் கொலையுண்டு இறந்தபோது, விருந்துண்ட நூற்றுக்கணக்கானோருள் இறுதிச் சடங்கிற்கு வந்தவர் மிகச் சிலரே.

இம்மாளிகையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க மாளிகை ஒன்று தமிழகத்திலும் இருந்தது. காஞ்சிபுரத்திற்கு அருகே கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் தோன்றி, இராமாநுசரின் மாணவராய் விளங்கியவர் கூரத்தாழ்வான். பெருஞ்செல்வரான அவர், நாள்தோறும் பகல் முழுதும் வறியவர்க்கு உணவளித்து வந்தார். இரவில் அவருடைய மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சிக் கோயில்வரை எட்டியது என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அதனைக் கேள்வியுற்ற அவர் பெரிதும் நாணினார்; செல்வம் அனைத்தையும் பிறர்க்கு வழங்கிவிட்டு, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார்.

காட்டு வழியில் ஆண்டாள் அஞ்சினார். அச்சத்தின் காரணத்தை ஆழ்வான் வினவினார். கணவர் உண்பதற்கெனப் பொன்வட்டில் ஒன்றை எடுத்து வந்ததாக ஆண்டாள் உரைத்தார். ஆழ்வான் அதனை வாங்கி எறிந்தார். அச்சமும் அதனோடு அகன்றது. திருவரங்கத்தில் இரந்துண்டு வாழ்ந்த அவரே, இராமாநுசர் ஸ்ரீபாஷ்யம் இயற்றியபோது பெருந்துணையாய் இருந்தார்.

கேட்ஸ்பி கொடியவன் அல்லன்; காதலும் இழிந்ததன்று. அவன் தன் பெயரையும் உடையையும் மனையையும் மாற்றினான். பழைய வேட்கையை மட்டும் மாற்றிலன். கூரத்தாழ்வானோ தம் வேட்கையை மாற்றினார். ஏனையவை தாமே மாறின. தம்மைப் புதியராக்கிக் கொள்ள விழைவோர், எதனை மாற்ற முற்படுகின்றோம் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.