விமானியின் தூக்கம் யாருடைய பொறுப்பு?

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். விமானி என்ற தொழிலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் தங்க நிறப் பட்டிகள், கை நிறையச் சம்பளம், நாடு நாடாகப் பயணம். உயர்தரத்தின் பின் என்ன படிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பட்டிகளின் மறுபக்கத்தை அறிந்தேன். அறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் சிறு நகரங்களையும் பெரிய விமான நிலையங்களையும் இணைப்பவை பெரும்பாலும் பிராந்திய விமானக் கம்பனிகளே. விமானத்தின் மேல் பெரிய கம்பனியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பயணச் சீட்டும் அதன் பெயரிலேயே விற்கப்படும். ஆனால் விமானத்தைச் செலுத்துபவர், ஒப்பந்தம் எடுத்த சிறிய கம்பனியின் ஊழியர். ஒப்பந்தத்துக்காகச் சிறிய கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிடும்போது, செலவைக் குறைக்க இலகுவான இடம் புதியவரின் சம்பளமாகிவிடுகிறது.

புதியவர் ஏன் அதற்குச் சம்மதிக்கிறார்? பயிற்சிக்காகப் பலர் பெருந்தொகைக் கடன் வாங்கியிருப்பார்கள். பெரிய கம்பனியில் சேர ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் பறந்த அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தைத் தருவது சிறிய கம்பனிதான். எனவே பேரம் பேச அவர்களால் முடிவதில்லை. சம்பளமும் பொதுவாக, விமானம் புறப்பட நகர்ந்தது முதல் போய்ச் சேர்ந்து நிற்கும் வரையான நேரத்துக்கே கணக்கிடப்படுகிறது. விமானத்தைப் பரிசோதிக்கும் நேரமும் அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கும் நேரமும் பெரும்பாலும் அதில் சேராது. உழைப்பவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கும்படி நமது மார்க்கம் கற்றுத் தருகிறது. இங்கோ உழைப்பின் ஒரு பகுதி கணக்கிலேயே வருவதில்லை.

இதன் விளைவை உலகம் 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு கண்டது. நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கொல்கன் எயார் விமானம், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் உயிரிழந்தனர். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது, விமானத்தின் முன்பகுதியைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். தலைமை விமானியோ கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்தத் தவறே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. களைப்பும் இருவரின் செயற்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றது. எவ்வளவு என்பதை மட்டும் அளவிட முடியவில்லை.

துணை விமானி 24 வயதுப் பெண். கடமை நியூவார்க்கில், வசித்ததோ ஏறத்தாழ 4,000 கிலோமீற்றருக்கு அப்பால், சியாற்றில் அருகே பெற்றோரின் வீட்டில். அக்காலத்தில் புதிய துணை விமானியின் முதலாண்டுச் சம்பளம் 20,000 டொலர் அளவில்தான் இருந்தது. அதைக் கொண்டு நியூயோர்க் பகுதியில் வீடெடுத்து வாழ்வது கடினம். முதல் நாள் இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் பயணம் செய்து காலையில் வந்திறங்கிய அவர், ஊழியர் அறையிலேயே சற்றுக் கண்ணயர்ந்தார். தடிமனும் பிடித்திருந்தது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்றும், இனி சுகவீன விடுமுறை எடுத்தால் ஹோட்டல் செலவு தன் தலையில்தான் என்றும் அவர் சொன்னது விமானத்தின் ஒலிப்பதிவில் இருந்தது.

உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் ஓயாமல் போராடியதால் 2010இல் புதிய சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலப் பறப்பு அனுபவம் கட்டாயமானது. 2014 முதல் கடமைக்கு முன் 10 மணித்தியால ஓய்வும், அதில் 8 மணித்தியாலம் தடையின்றி உறங்க வாய்ப்பும் வழங்கப்பட வேண்டும் என்றானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விபத்துக்குள்ளான இரு விமானிகளும் 1,500 மணித்தியாலங்களைத் தாண்டியவர்களே! அனுபவத்தைக் கூட்டினால் மட்டும் போதாது; வேலை செய்யும் ஊரில் வாழ வழி வேண்டும், நோய் வந்தால் சொல்லும் துணிவும் வேண்டும். சம்பளம் உயர்ந்ததோ விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான். 2022இல் சில பிராந்தியக் கம்பனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் வரை வழங்க முன்வந்தன.

அந்தத் துணை விமானி என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர். "எனக்கு முடியவில்லை" என்று சொல்ல அவரிடம் பணமிருக்கவில்லை. வானத்தில் பறக்கும் ஆசை எனக்கு இன்னும் போய்விடவில்லை. ஆனால் இனி எந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டாலும், "சம்பளம் எவ்வளவு?" என்பதோடு இன்னொன்றையும் கேட்பேன்: "நோயுற்ற நாளில் அங்கே என்ன நடக்கும்?" தோழிகளே, நீங்களும் கேளுங்கள்.